அருவருப்பு என்னும் பழைய பாடம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கூலிப் பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்தவர்களும், விடுமுறை நாள்களில் செங்கல் சுமந்தவர்களும் எழுப்பிய இக்கட்டிடத்தில் இருபத்தைந்தாம் ஆண்டு விழாக் காண்கின்றோம். பட்டம் பெற்றோர் எத்துணைப் பேர், பணியில் அமர்ந்தோர் எத்துணைப் பேர் என்னும் கணக்கைச் செயலாளர் படித்தார். கேட்டு நெஞ்சம் நிறைந்தது. ஆயினும் அக்கணக்கில் இடம்பெறாத ஒருவரைப் பற்றிப் பேசவே இன்று இங்கு வந்துள்ளோம். விழா மேடையில் குறைகளைப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். தன் குறையைத் தானே எடுத்துச் சொல்லத் துணியாத சங்கம், பிறர் குறையைச் சுட்டும் தகுதியை இழந்துவிடும் என்பது எங்கள் கருத்து.

ஒரு குவளையின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் இல்லத்தில் ஓர் இளைஞர் தங்கிப் படித்தார். அமைதியானவர், கணக்கில் வல்லவர், இளைய மாணவர்க்கு இரவில் பாடம் சொல்லித் தந்தவர். ஒருநாள் அவருடைய கைப்பேசிக்கு வந்த செய்தியொன்று அறைத்தோழர் கண்ணில் பட்டது. மற்றோர் ஆடவர் அன்புடன் எழுதிய செய்தி அது. மறுநாள் காலைக்குள் அச்செய்தி இல்லம் முழுவதும் பரவிற்று.

அன்று மாலையே உணவுக்கூடத்தில் அவருக்கென ஓர் எவர்சில்வர் குவளை தனியே வைக்கப்பட்டது. பிறர் தவறி எடுத்துவிடாதபடி அதன் அடியில் ஆணியால் ஒரு கோடு கீறப்பட்டிருந்தது. கீறியவர் எவரென்று நாங்கள் கேட்கவில்லை. நிர்வாகக் குழு கூடியது. "இல்லத்தின் அமைதி கருதி" அவரை வேறோர் அறையில் தனியே தங்கவைத்தோம். தேர்வுக்கு முன்பே அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதிவேட்டில் "சொந்தக் காரணங்களால் விலகினார்" என்று எழுதினோம்.

நண்பர்களே, தேநீர்க் கடையில் நம் பாட்டனாருக்குத் தனிக் குவளை வைத்தவர்களை நாம் இன்னும் மறக்கவில்லை. கூரையில் செருகி வைத்த கொட்டாங்கச்சியையும் மறக்கவில்லை. அந்நினைவின் மேல் எழுந்த இல்லத்தில், நம் பிள்ளைகள், நம் கண்முன்னே, இன்னொரு பிள்ளைக்குத் தனிக் குவளை வைத்தார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வுரை அந்தக் குவளையைப் பற்றியது.

சொல்லும் பொருளும்

ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்பும் இயல்பினைத் தன்பால் ஈர்ப்பு என்கிறோம். அவ்வியல்புடையோர் மீது பிறர் கொள்ளும் வெறுப்புக்கு மேலைநாட்டு உளவியலார் முதலில் "ஹோமோஃபோபியா" என்று பெயரிட்டனர். அச்சொல்லைப் பரப்பியவர் ஜார்ஜ் வெயின்பெர்க் என்னும் அமெரிக்க உளவியலார். 1972இல் வெளிவந்த அவர் நூல் அதனை நாடறியச் செய்தது. "நோயாளி யார்? தன்பால் ஈர்ப்புடையவரா, அவரைக் கண்டு நடுங்குபவரா?" என்று ஆராய்ச்சியின் கேள்வியையே அச்சொல் திருப்பிவிட்டது.

பின்னர் கிரெகரி ஹெரெக் என்னும் உளவியலார், அச்சம் என்னும் சொல் இங்கு முழுதும் பொருந்தாது என்றார். பாம்பைக் கண்டு அஞ்சுபவன் விலகி ஓடுகிறான். தன்பால் ஈர்ப்புடையோரை வெறுப்பவனோ துரத்திச் சென்று தாக்குகிறான். அவன் உள்ளத்தில் மேலோங்கி நிற்பவை சினமும் அருவருப்பும் ஆகும். ஆதலின் இதனை ஒரு தனிமனித நோயாகக் கருதாது, சமூகம் கற்பிக்கும் மனச்சாய்வாகக் கொண்டு "பாலியல் தப்பெண்ணம்" என வழங்குதல் தகும் என்று 2000ஆம் ஆண்டில் அவர் எழுதினார். சாதி வெறுப்பை ஒருவனது மனநோய் என்று நாம் சொல்வதில்லை. அது ஓர் ஏற்பாடு என்கிறோம். அதுபோன்றதே இதுவும்.

தன்பால் ஈர்ப்பு ஒரு நோய் என்னும் கருத்தும் ஆராய்ச்சியின் முன் நிற்கவில்லை. ஈவ்லின் ஹூக்கர் என்னும் பெண்மணி, தன்பால் ஈர்ப்புடைய ஆடவர் 30 பேருக்கும் எதிர்பால் ஈர்ப்புடைய ஆடவர் 30 பேருக்கும் ஒரே வகை உளச்சோதனைகளை நடத்தினார். விடைகளைப் பெயரின்றி வல்லுநர்களிடம் தந்து, யார் எவர் எனப் பிரித்துக் காட்டக் கேட்டார். அவர்களால் இயலவில்லை; மனநலத்தில் இரு சாராரிடையேயும் வேறுபாடு காணவில்லை. அவ்வாய்வு 1957இல் வெளியாயிற்று. 1973இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பால் ஈர்ப்பை நீக்கிற்று. 1990இல் உலக நலவாழ்வு நிறுவனமும் நீக்கிற்று.

அறிவு இவ்வாறு தெளிந்த பின்னும் உடல் தெளியவில்லை. "எல்லாம் சரி ஐயா, ஆனால் பார்த்தால் உடம்பு கூசுகிறதே!" என்று நம் இளைஞர் சொல்கின்றனர். பொய் சொல்லவில்லை; உண்மையாகவே கூசுகிறது. அக்கூச்சத்தைத்தான் நாம் ஆராய வேண்டும்.

உமிழ்நீர் சொன்ன செய்தி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கேரன் பிளேரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் இக்கூச்சத்தையே அளந்து பார்த்தனர். 2017இல் அவ்வாய்வு வெளியாயிற்று. எதிர்பால் ஈர்ப்புடைய ஆடவர் 120 பேர் அதிற் பங்கேற்றனர். ஆணும் பெண்ணும் முத்தமிடும் படங்கள், ஆடவர் இருவர் முத்தமிடும் படங்கள், உணர்ச்சி எதனையும் தூண்டாத அன்றாடப் பொருள்களின் படங்கள், புழு நெளிவது போன்ற அருவருப்பூட்டும் படங்கள் ஆகியவை அவர்களுக்குக் காட்டப்பட்டன. இடையிடையே அவர்களது உமிழ்நீர் எடுக்கப்பட்டது. மனிதன் பதற்றம் அடையும்போது உமிழ்நீரில் ஆல்ஃபா அமைலேஸ் என்னும் நொதியின் அளவு உயரும். வாய் மறைத்தாலும் உமிழ்நீர் மறைக்காது.

முடிவு யாது? புழுக்களைப் பார்த்தபோது உயர்ந்ததைப் போலவே, ஆடவர் இருவர் முத்தமிடக் கண்டபோதும் அந்நொதி உயர்ந்தது. அதனினும் வியப்பு என்னவெனில், வெறுப்பு மிக்கவர் என்று வினாத்தாளில் தெரிந்தோரிடம் மட்டும் இவ்வுயர்வு காணப்படவில்லை. தமக்கு வெறுப்பு இல்லை என்று விடையளித்தோர் உடலும் ஏறத்தாழ அவ்வாறே பதறிற்று.

இதனைக் கேட்டவுடன் ஒருவர், "பார்த்தீர்களா, இது இயற்கையாக எழும் வெறுப்பு, உடலே ஒப்பவில்லை" என்று சொல்லக்கூடும். நம் கருத்து வேறு. முதலாவதாக, நொதி உயர்ந்தது என்பது பதற்றத்தைக் காட்டுமேயன்றி, அது அருவருப்பா, அச்சமா, பழக்கமின்மையால் வந்த திடுக்கீடா என்று பிரித்துக் காட்டாது. இரண்டாவதாக, வெறுப்பை ஏற்காதவர் உடலும் பதறுகிறது என்றால், சிறுவயதில் சமூகம் எழுதிய பாடம் அறிவு அழித்த பின்னும் உடலில் தங்கியிருக்கக்கூடும் என்றே நாம் கொள்கிறோம். மூன்றாவதாக, ஒரே பதற்றத்தை உடைய இருவரில் ஒருவர் கையை ஓங்குகிறார். மற்றொருவர் அமைதியாக நிற்கிறார். உடல் பதறுவதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. கையை ஓங்குவதைத் தேர்ந்தெடுக்கிறோம்.

அருவருப்பின் பிறப்பு

அருவருப்பு எங்கிருந்து வருகிறது? அழுகியதை உண்ணாமல் காக்கும் உணர்ச்சி மனித இனத்திற்கு உண்டு. ஆனால் எது அழுகியது, எது அசுத்தம் என்னும் பட்டியலின் பெரும்பகுதியை நமக்கு ஊட்டுவது சமூகமே. தவழும் குழந்தையைப் பாருங்கள். மண்ணையும் எச்சத்தையும் ஒருங்கே எடுத்து வாயில் வைக்கிறது. "சீ, சீ" என்று தாய் சொல்லச் சொல்ல, அச்சொல்லோடு முகச்சுளிப்பையும் கற்றுக்கொள்கிறது.

சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட நூலில் தம் அனுபவம் ஒன்றை எழுதியுள்ளார். தென்னமெரிக்காவின் தென்கோடியாகிய டியரா டெல் ஃபூகோவில் அவர் உண்டுகொண்டிருந்த பதப்படுத்திய இறைச்சியை அந்நாட்டுப் பழங்குடியினர் ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்தார். அதன் மென்மை அவருக்கு அருவருப்பைத் தந்தது. டார்வினுக்கோ, ஆடையற்ற ஒருவர் தம் உணவைத் தொட்டுவிட்டாரே என்னும் அருவருப்பு. அவர் கைகள் அழுக்காகத் தோன்றவில்லை என்பதையும் டார்வினே எழுதுகிறார். உலகம் போற்றும் அறிஞர். எதிரே தூய கை. ஆயினும் உடல் சுருங்கிற்று. அக்கையில் அழுக்கில்லை, அம்மனிதரை இழிவாகக் கருதிய பாடம் டார்வினின் உள்ளத்தில் இருந்தது.

இவ்விடத்தில் நமக்கு விளக்கம் தேவையில்லை. தூய கைகளைக் கண்டு சுருங்கிய உடல்களை நாம் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள். நாம் இறைத்த நீரைக் கண்டு ஒருவர்க்குக் குமட்டியது. பொய்யாக அன்று, உண்மையாகவே குமட்டியது. அக்குமட்டலையே சாத்திரத்திற்குச் சான்றாகக் காட்டினார்கள். நாம் அதனை ஏற்றோமா? "உமக்குக் குமட்டுவது உமது பயிற்சியின் குறை, எமது பிறப்பின் குறையன்று" என்று சொன்னோம். நாம் சொன்ன அவ்விடையையே இன்று நம்மிடம் வேறொருவர் சொல்கிறார்.

கூச்சம் காட்சியில் இல்லை, கற்ற பொருளில்தான் இருக்கிறது என்பதற்கு நம் ஊர்த் தெருவே சான்று. நம் இளைஞர் இருவர் விரல் கோத்து நடப்பர். தோள்மேல் கை போட்டுத் திரைப்படத்திற்குப் போவர். ஒரே பாயில் ஒருவர்மேல் ஒருவர் கால் போட்டு உறங்குவர். எவர்க்கும் கூசுவதில்லை, நட்பு என்கிறோம். அதே விரல் கோத்தலை இன்றைய அமெரிக்கத் தெருவில் கண்டால் பலர் திரும்பிப் பார்ப்பர். அந்த அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களில் ஆடவர் ஒருவர் மடியில் ஒருவர் அமர்ந்தும் கைகோத்தும் கூச்சமின்றிக் காட்சி தருகின்றனர். அதே கைதான், அதே விரல்தான். "இவர்கள் காதலர்" என்று ஒருவர் காதில் சொன்னவுடன் உடல் கூசத் தொடங்குகிறது. சொல் ஒன்றைக் கேட்டுக் கூசும் உடலை இயற்கை படைத்தது என்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆண்மை என்னும் சுமை

தன்பால் ஈர்ப்புடைய ஆடவரை வெறுப்பதில் பெண்களைவிட ஆண்களே முந்தி நிற்கின்றனர் என்று அமெரிக்க ஆய்வுகள் பன்முறை காட்டியுள்ளன. காரணம் யாதெனில், ஆண்மை என்பது ஒருமுறை பெற்றால் நிலைப்பதாகக் கருதப்படவில்லை. நாள்தோறும் பிறர்முன் மெய்ப்பிக்க வேண்டியதாக உள்ளது. "நான் அவனைப் போன்றவன் அல்லன்" என்று பலர் நடுவே காட்டிக்கொள்வது மெய்ப்பிக்கும் எளிய வழியாகிவிடுகிறது. அன்று நம் இல்லத்தில் அக்குவளையைக் கீறிய பிள்ளைக்கு அம்மாணவர்மேல் பகை இருந்திருக்க வேண்டியதில்லை. மற்றவர் தன்னையும் ஐயுறுவரோ என்னும் அச்சமே ஆணியை எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. 1996இல் ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தில் 64 ஆடவரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வொன்றில், தன்பால் ஈர்ப்பை மிக வெறுத்த ஆடவர் சிலர் உடலிலேயே ஆடவர் உறவுக் காட்சிகளுக்குக் கிளர்ச்சி தோன்றியதாகக் கண்டனர். அதனைப் பற்றிக்கொண்டு, "வெறுப்பவன் எல்லாம் மறைவில் அதே வகையினன்" என்று கேலி பேசுவோர் உளர். அதன்பின் வந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. மேலும், அக்கேலி பழியை மீண்டும் அம்மக்கள் தலையிலேயே ஏற்றுகிறது. பெரும்பாலான வெறுப்புக்கு மறைபொருள் ஏதும் தேவையில்லை. ஊர் கற்பித்ததே போதும்.

இவ்வச்சத்தை வெளிப்படையாகப் பேசிய ஒரு தலைவரை நினைவுகூர வேண்டும். அமெரிக்கக் கறுப்பர் இயக்கமாகிய கருஞ்சிறுத்தைக் கட்சியின் ஹியூய் நியூட்டன், 1970 ஆகஸ்டு மாதத்தில் ஆற்றிய உரையில், தன்பால் ஈர்ப்புடையவரைக் கண்டால் அடிக்கத் தோன்றுவது நமக்கும் அவ்வியல்பு இருக்குமோ என்னும் அச்சத்தால்தான் என்று தம் தோழர்களிடம் மனந்திறந்து சொன்னார். அவ்வுணர்ச்சியை வென்று, ஒடுக்கப்பட்டோர் என்ற முறையில் அவர்களோடு கைகோக்க வேண்டும் என்றும், அவர்களை இழிக்கும் சொற்களை விட்டொழிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். துப்பாக்கி ஏந்திய வீரர் எனப் பெயர் பெற்றவர், தம் நடுக்கத்தை ஒப்புக்கொண்டதால் வீரத்தில் குறைந்துவிடவில்லை.

போராடியோர் இழைத்த பிழை

விடுதலைக்குப் போராடுவோரும் இப்பிழையினின்று தப்பவில்லை. 1963 ஆகஸ்டு 28ஆம் நாள் வாஷிங்டனில் நடைபெற்ற மாபெரும் பேரணியை அறியாதார் யார்? மார்ட்டின் லூதர் கிங் அங்கு ஆற்றிய உரை உலகப் புகழ் பெற்றது. ஆனால் பேருந்துகளையும் ஒலிபெருக்கிகளையும் உணவையும் காவலையும் திட்டமிட்டு, அப்பேரணியை நடத்திக் காட்டியவர் பேயார்டு ரஸ்டின். கறுப்பர், அறப்போர் முறையைக் கற்க 1948இல் நம் நாட்டிற்கு வந்து சென்றவர், தன்பால் ஈர்ப்புடையவர்.

1953இல் அதன்பொருட்டு அவர் கலிஃபோர்னியாவில் தண்டிக்கப்பட்டார். 1960இல், கிங்குக்கும் ரஸ்டினுக்கும் தகாத உறவு என்று பொய் வதந்தி பரப்பப்போவதாகக் கறுப்பினத் தலைவர் ஒருவரே மிரட்ட, ரஸ்டின் கிங்கின் அமைப்பினின்று விலக நேர்ந்தது. 1963இல் பேரணிக்குச் சில நாள்களுக்கு முன், நிறவெறிக்குத் துணைநின்ற ஸ்ட்ராம் தர்மண்டு என்னும் செனட்டர் அவருடைய பழைய தண்டனையைச் செனட் அவையில் எடுத்துக்காட்டி இழிவு செய்தார். இம்முறை முதுபெருந்தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் அசையவில்லை. ரஸ்டின் பக்கம் நின்றார். பேரணி வென்றது. ரஸ்டின் 1987இல் மறைந்தார். அவர் மறைவுக்குப் பின் 2013இல் அமெரிக்காவின் உயரிய குடிமை விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2020இல் கலிஃபோர்னிய அரசு அப்பழைய தண்டனைக்கு மன்னிப்பளித்தது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. 1960இல் இயக்கம் பகைவனின் அருவருப்புக்கு அஞ்சித் தன் மகனை விட்டுக்கொடுத்தது. 1963இல் விட்டுக்கொடுக்க மறுத்தது. இயக்கம் பெரியதாக நின்றது எந்த ஆண்டில் என்பதை வரலாறு சொல்லிவிட்டது.

இன்னொரு செய்தி. 1998 ஜூன் மாதத்தில் டெக்சாஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் பேர்டு என்னும் கறுப்பரை வெள்ளையர் மூவர் வண்டியில் கட்டி இழுத்துக் கொன்றனர். அதே ஆண்டு அக்டோபரில் வயோமிங் மாநிலத்தில் மேத்யூ ஷெப்பர்டு என்னும் 21 வயது மாணவரை, தன்பால் ஈர்ப்புடையவர் என்பதறிந்து இளைஞர் இருவர் வேலியில் கட்டி வைத்து அடித்தனர். சில நாள்களில் அவர் உயிர் துறந்தார். அவ்வழக்கில், தன்பால் ஈர்ப்புடையவரின் அணுகுமுறையால் மூண்ட பதற்றமே கொலைக்குக் காரணம் என்று எதிர்த்தரப்பு வாதிட முயன்றது. நீதிபதி அதற்கு இடந்தரவில்லை. கூச்சத்தைச் சாக்காக ஏற்றால் கொலைக்கும் அது சாக்காகும் என்பதை அவ்வழக்கு உணர்த்திற்று. 2009இல் அமெரிக்கா இயற்றிய வெறுப்புக் குற்றத் தடுப்புச் சட்டம் ஷெப்பர்டு, பேர்டு ஆகிய இருவர் பெயரையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது.

நம் நாட்டின் சட்டமும் ஒரு நீதிபதியின் நேர்மையும்

நம் நாட்டில், தன்பால் உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு 1860இல் ஆங்கிலேயர் வகுத்தது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐவர் ஆயம், வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு ஊன்றிநின்ற கருத்துகளுள் ஒன்று அரசியலமைப்பு அறநெறி என்பது. 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் வலியுறுத்திய கருத்து அது. பெரும்பான்மையோரின் பழக்கவழக்கம் எத்துணைப் பழமையாயினும், தனிமனிதரின் மாண்பை அது மிதிக்கலாகாது என்பதே நீதிபதிகள் அதனின்று எடுத்த பொருள்.

அண்ணலின் துணிவு அவ்வளவில் நிற்கவில்லை. பாலியல் அறிவைப் பரப்பிய மராத்தி இதழாசிரியர் ர. தோ. கார்வே மீது, வாசகர் ஐயங்களுக்கு விடையளித்தமைக்காக ஆபாச வழக்குத் தொடரப்பட்டபோது, 1934இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். வழக்குத் தோற்றது. ஆயினும், பேசக் கூசும் பொருளையும் அறிவின் ஒளியில் பேசவேண்டும் என்னும் நெறியை அவர் நமக்கு விட்டுச் சென்றார்.

நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அன்று அதனை எழுதியோர், தீண்ட மறுத்தவர்களின் குமட்டல் தீரட்டும் எனக் காத்திருந்தார்களா? இல்லை. குமட்டல் இருந்தால் இருக்கட்டும், கிணறும் கோயிலும் பள்ளியும் திறந்தாகவேண்டும் என்றனர். கிணறு திறந்தபின் பலர்க்குக் குமட்டலும் குறைந்தது. நீதி முன்னே செல்லும். உடல் பின்னே வந்து சேரும். இவ்வரிசையை மாற்றி, "முதலில் எங்கள் கூச்சம் போகட்டும்" என்போர் எந்நாளும் கிணற்றைத் திறக்கமாட்டார்.

சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021ஆம் ஆண்டு நிகழ்ந்ததும் நம் நெஞ்சில் நிற்கத் தக்கது. தன்பால் ஈர்ப்புடைய பெண்கள் இருவர் பாதுகாப்பு வேண்டித் தொடுத்த வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் முன் வந்தது. இப்பொருளில் தமக்கும் தப்பெண்ணங்கள் உண்டு, தமக்குத் தெளிவு இல்லை என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தீர்ப்பெழுதுமுன் உளவியல் வல்லுநர் ஒருவரிடம் தாமே மாணவராக அமர்ந்து கேட்டறிந்தார். 2021 ஜூன் 7ஆம் நாள் விரிவான ஆணை பிறப்பித்தார். தன்பால் ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை, காவல்துறையின் தொல்லைக்குத் தடை, பள்ளி கல்லூரிகளில் விழிப்புணர்வு ஆகியவை அதில் அடங்கும். உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரே "எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லும்போது, கல்விச் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்ட நாம் அதைச் சொல்லத் தயங்கலாமா?

வீடு திரும்ப இயலாப் பிள்ளை

இரு கொடுமைகளும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. சாதிக்குத் தெருவும் தொழிலும் நிலமும் காவலாய் நிற்கின்றன. அதன் வேர் வேறு. ஆனால் ஒரு வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். பள்ளியில் இழிவுபட்ட நம் பிள்ளை மாலையில் வீடு வந்தால், அதே இழிவைப் பட்ட தாய் அவனை அணைத்துக்கொள்கிறாள். தன்பால் ஈர்ப்புடைய பிள்ளைக்கோ வீடே முதல் நீதிமன்றமாகிவிடுகிறது. நம் தெருவில் பிறந்து அவ்வியல்பும் உடையவனுக்கு வெளியே சாதியின் சுவர், உள்ளே நம் சுவர். அவன் எங்கே போவான்?

ஆதலின் இளைஞர்களிடம் சில கேட்கிறோம். உடல் கூசினால் கூசட்டும். அதனை எண்ணி வெட்கப்படவும் வேண்டாம், அதனை நீதிபதியாக்கவும் வேண்டாம். கூச்சம் எழும்போது "இதை எனக்கு யார் கற்பித்தார்?" என்று ஒரு முறை கேளுங்கள். அம்மக்களை இழிக்கும் பட்டப்பெயர்களை விளையாட்டுக்கும் சொல்லாதீர். நம்மைச் சுட்டிய இழிபெயர்களும் பலர்க்கு விளையாட்டாகவே இருந்தன. ஒருவர் தம்மைப் பற்றி நம்பிச் சொன்னால் அது உங்களிடம் வைத்த அடைக்கலப் பொருள். பிறர்க்குச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. சொல்லும்படி எவரையும் வற்புறுத்தவும் வேண்டாம்.

அருகிருந்து பழகுதல் அருவருப்பின் மருந்து. 515 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய பெட்டிக்ரூ, டிராப் ஆகியோர், வேற்றினத்தாரோடு பழகப் பழக வெறுப்புக் குறைகிறது என்று 2006இல் காட்டினர். அக்குறைவு மிகுதியாய்க் காணப்பட்டது தன்பால் ஈர்ப்புடையோரோடு பழகியவரிடத்தில்தான். நாம் அன்று அம்மாணவரைத் தனியறைக்கு அனுப்பியபோது, அம்மருந்தையே எறிந்துவிட்டோம்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறோம். பிள்ளை இதைச் சொன்னால் மருந்துக்கும் மந்திரத்துக்கும் அவசரத் திருமணத்துக்கும் ஓடாதீர். உண்பதற்கு முதலில் அழையுங்கள். மற்றவை பிறகு பேசிக்கொள்ளலாம்.

நிர்வாகக் குழுவுக்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. இல்ல விதிகளில், தன்பால் ஈர்ப்பின் பொருட்டு எவரையும் ஒதுக்குதல் குற்றம் என்று ஒரு விதி சேர்க்கப்பட வேண்டும். பதிவேட்டில் "சொந்தக் காரணங்களால்" என்று எழுதிய வரியைத் திருத்தி, காரணம் நாங்களே என்று எழுத வேண்டும். முடியுமானால் அம்மாணவரைத் தேடிச் சென்று, மீண்டும் வந்து படிக்க அழைக்க வேண்டும். வருவதும் மறுப்பதும் அவர் விருப்பம். அழைப்பது நம் கடமை.

அந்தக் குவளை இன்னும் இல்லத்தின் சமையற்கட்டில் இருக்கிறது. அடியிற் கீறிய கோடும் அழியவில்லை. விழாவுக்கு முன்னாள் அதில் நாங்கள் நீர் அருந்தினோம். மற்றக் குவளைகளில் இருந்த அதே நீர்தான். அதனை எறிந்துவிட வேண்டாம், மற்றவற்றோடு கலந்து வையுங்கள் என்று சமையற்காரரிடம் சொல்லி வந்தோம். இனி எவர் கையில் அது வந்தாலும், கோட்டைப் பார்த்துவிட்டு, கூசாமல் குடியுங்கள்.